குடிவருவோன் கட்டில் வணிகச் சரக்கன்று

ஒரு குடும்பம் நாடு விட்டு நாடு பெயருங்கால் அதனோடு பெயர்வன உயிர்கள் மட்டும் அல்ல. பிள்ளை பிறந்த கட்டில், தந்தை கணக்கெழுதிய மேசை, மணநாளில் பெண்வீட்டார் தந்த பேழை, பாட்டி சாய்ந்திருந்த நாற்காலி ஆகியனவும் உடன்பெயர விழைகின்றன. கடல் அவற்றைத் தடுப்பதில்லை. யானையையும் குதிரையையும் சுமந்த மரக்கலம் ஒரு கட்டிலைச் சுமக்காதா? தடுத்து நிறுத்துவது கரையில் நிற்கும் சுங்கத்துறை. அங்குக் கட்டில் கட்டிலாக நில்லாது. 'இறக்குமதிப் பொருள்' ஆகிவிடும். அதற்கு ஓர் எண் இடப்படும். ஒரு மதிப்புக் கட்டப்படும். மதிப்பின்மேல் தீர்வையும், தீர்வையின்மேல் வரியும் ஏறும்.

தீர்வையே கூடாது என்பார் அரசியல் அறியாதார். உள்நாட்டுத் தச்சன் உளியும் இழைப்புளியும் கொண்டு உழைத்துச் செய்யும் பொருளை அயல்நாட்டு ஆலைப்பொருள் விழுங்கிவிடாதிருக்கத் தீர்வை ஒரு வேலி. அவ் வேலியை ஒருவரும் பிடுங்கச் சொல்லவில்லை. வேலி யாரைத் தடுக்க எழுந்ததோ அவனை விட்டுவிட்டு, வீடு திரும்பும் குடியானவனின் வேட்டியைப் பற்றியிழுப்பதுதான் வினவத்தக்கது.

இப் பொருள்களின் பெயர்களே ஒரு வேடிக்கை. நாற்காலி, கட்டில், ஊஞ்சல், பலகை, பெட்டி, பேழை ஆகியன நம் தச்சர் வாயில் பிறந்தவை. மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியக் கப்பலில் வந்திறங்கியவை. பீரோ என்பது பிரஞ்சு நாட்டில் தோன்றி ஆங்கிலர் வழியாக நம் அறைக்குள் புகுந்தது. இச் சொற்களுக்கு எந்தத் துறைமுகத்திலும் எவரும் தீர்வை கேட்கவில்லை. அதனாலன்றோ இவ்வளவு எளிதாய் நிலைத்துவிட்டன! மாறாக, நம் தேக்கு என்னும் சொல் மேலைக்கரை வழியாகப் போர்த்துக்கீசியர் வாய்ப்பட்டு, இன்று ஆங்கிலத்தில் அம் மரத்தின் பெயராகவே வாழ்கிறது. மரமும் போயிற்று, பெயரும் போயிற்று. அனைத்தையும் ஒருசேரக் குறிக்கத் தமிழ்நாட்டார் இன்று அறைகலன் என்கின்றனர். ஈழத்தார் தளபாடம் என்பர். தட்டுமுட்டுப் பொருள் என்பது ஊர்வழக்கு. வீடு மாற்றும் பொழுது எந்த வீட்டிலும் கேட்கும் சொல்.

சுங்கம் தமிழர்க்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் உல்கு கொண்ட அலுவலரை ஓயா உழைப்பினராகக் காட்டுகிறது. கடலிலிருந்து கரைக்கு வந்தனவும் கரையிலிருந்து கடலுக்குச் செல்வனவும் அங்குக் குவிக்கப்பட்டன. சோழனின் புலி இலச்சினை பொறிக்கப்பட்ட பின்னரே வெளிப்பட்டன. ஈழத்திலிருந்தும் கடாரத்திலிருந்தும் வந்த பொருள்களையும் அந்நூல் குறிக்கிறது. திருவள்ளுவரும் பொருள்செயல்வகை என்னும் அதிகாரத்தில் அரசனுக்குரிய பொருள்வாயில்களுள் ஒன்றாக உல்கினை வைத்தார். 1070இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்தமையால் அப் பெயராலேயே கல்வெட்டில் நின்றான். எத்தனையோ நாடுகளை வென்ற மன்னனை மக்கள் நினைவில் நிறுத்தியது அவன் தள்ளிய வரி! அது நிற்க. புலிப்பொறியில் ஒரு நேர்மை இருந்தது. பொறித்த மூட்டை தீர்ந்தது; பொறியாத மூட்டை தீராதது. எழுத்தறியாதவனும் அதைக் கண்டு தெளியலாம்.

எல்லைக்கோடு எங்கே வரையப்படுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு பொருள் அயற்பொருளாகிறது. செட்டிநாட்டு வீடுகளின் முகப்பில் நிற்கும் தேக்குத் தூண்களுள் பல பர்மாக் காட்டில் பிறந்தவை. அவ் வீடுகளின் கதவும் நிலையும் பெட்டகமும் அவ்வாறே. அந்நாளில் பர்மா ஆங்கிலர் ஆண்ட இந்தியாவின் ஒரு மாநிலம். மரம் கடல் கடந்ததே தவிர, நாடு கடக்கவில்லை. 1937 ஏப்பிரல் முதல் நாளில் பர்மா தனியாகப் பிரிக்கப்பட்டது. முந்தின நாள் இரங்கூனில் கப்பலேற்றிய பெட்டகம் உள்நாட்டுப் பொருள். மறுநாள் ஏற்றியது வேற்றுநாட்டுப் பொருள். தச்சனும் மரமும் உரியவனும் மாறவில்லை. இலண்டனில் இட்ட கையெழுத்து ஒன்றுதான் புதிது.

அதன் கசப்பை முழுமையாக உணர்ந்தவர் பின்வந்தவர்கள். 1962இல் பர்மாவில் படையாட்சி அமைந்தது. அடுத்த ஈராண்டில் கடைகளும் வணிக நிலையங்களும் அரசுடைமை ஆயின. 1964 மே 17ஆம் நாள் 50 கியாட்டு, 100 கியாட்டுத் தாள்கள் செல்லாதனவாக அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 3,00,000 இந்திய வழியினர் அக்காலத்தே வெளியேறினர். அவருள் தமிழர் பெருந்தொகையினர். மூன்று தலைமுறை ஈட்டிய வீட்டுப்பொருளை எந்தத் தட்டில் வைத்து எந்தக் கப்பலில் ஏற்றுவது? நகையும் பணமும் எடுத்துவரவே இசைவில்லாதார்க்குக் கட்டிலைப் பற்றி யார் கேட்பார்? வந்தவருள் ஒரு பகுதியினர்க்கு 1969இல் சென்னைக் கடற்கரைச் சாலையோரம் கடைவைக்க இடம் கிடைத்தது. அதுவே பர்மாக் கடைத்தெரு. அயல்நாட்டுப் பொருளுக்குப் பெயர்பெற்ற அத் தெரு, சென்னைச் சுங்க மாளிகை நிற்கும் அதே இராசாசி சாலையில் அமைந்தது. தம் வீட்டுப்பொருளைக் கொண்டுவர முடியாதவர்கள் பிறநாட்டுப் பொருளை விற்றுப் பிழைக்க நேர்ந்ததைவிடக் கொடிய முரண் வேறு வேண்டுமா?

இலங்கை மலையகத் தமிழர் பட்டதும் அதனோடு ஒப்பது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறீமாவோ – சாத்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைத் தலையெண்ணிப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவிற்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் 1974இல் பாதிபாதியாக. மாந்தரைப் பங்கிட்ட அவ் வுடன்படிக்கை அவர்தம் உடைமையையும் மறக்கவில்லை. சேமநலத் தொகையும் பணிக்கொடையும் உட்பட உடைமைகளை எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பம் எடுத்துச் செல்லத்தக்க உடைமையின் மேல்வரம்பு 4,000 உருபாவிற்குக் கீழே குறைக்கப்படமாட்டாது என்று அதில் எழுதப்பட்டது. நூறாண்டுக்கு மேலாகத் தேயிலைக் காட்டை ஆக்கிய ஒரு மக்கள்கூட்டத்தின் வீட்டுவாழ்க்கைக்கு எழுத்தில் கிடைத்த உறுதி அவ்வளவே. ஒற்றை அறை இலயங்களில் வாழ்ந்தவர்க்கு அவ் வரம்பே மிகை என்று கருதினர் போலும்! தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் காத்திருந்தவர் கையில் இருந்தவை பெட்டியும் மூட்டையும். அவருள் பலர் நீலமலையில் அரசு தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து கிள்ளவே சென்றனர்.

இன்று நிலை வேறு. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைத்துத் திரும்புவோரை எவரும் துரத்துவதில்லை. ஆயின் அவர்தம் தட்டுமுட்டுப் பொருள்கள் கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கும்பொழுது நடப்பது என்ன என்று பார்த்தல் வேண்டும்.

உலக நாடுகள் பெரும்பாலும் பின்பற்றும் பொருட்பெயரீட்டு முறை 1988 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதில் அறைகலன்களுக்கு உரியது 94ஆம் அதிகாரம். நாற்காலிபோலும் இருக்கைகள் 9401, கட்டிலும் மேசையும் அலமாரியும் 9403, மெத்தை 9404. நூறாண்டு கடந்த தொன்மைப் பொருளாயின் 97ஆம் அதிகாரத்துக்குப் போய்விடும். வணிகர் ஒருவர் இவற்றை வருவிக்கும்பொழுது, பொருளின் விலையோடு கப்பற்கூலியும் காப்புறுதித் தொகையும் கூட்டப்பெறும். கப்பற்கூலி இன்னதெனத் தெரியாவிடின், 2007ஆம் ஆண்டின் மதிப்பீட்டு நெறிகளின்படி பொருள்விலையில் 20 விழுக்காடும், காப்புறுதி தெரியாவிடின் 1.125 விழுக்காடும் சேர்க்கப்பெறும். அம் மொத்தத்தின் மேலேயே தீர்வை.

2020ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அறைகலன்களின் அடிப்படைத் தீர்வையை 20 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்த்தியது. அதன்படி ஒரு கணக்கு. துறைமுகம் வந்து சேர்ந்த மேசையின் மதிப்பு 1,00,000 உருபா எனக் கொள்க. அடிப்படைத் தீர்வை 25,000. அத் தீர்வையில் பத்தில் ஒரு பங்கு குமுக நலக் கூடுதல் வரி, அது 2,500. இவை கூடிய 1,27,500 உருபாவின்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி, அது 22,950. ஆக 50,450 உருபா. இரண்டு மேசை வருவித்தால் ஒரு மேசையின் விலை அரசுக்கு. 2025இல் அடிப்படை அளவு மீண்டும் 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. குறைத்த கையோடு வேளாண் கட்டமைப்பின் பெயரால் வேறொரு வரி வந்து சேர்ந்தது. மேசைக்கும் வேளாண்மைக்கும் உள்ள உறவை அரசே அறியும்.

குடியிருப்பை மாற்றித் திரும்புவோன் இவ் வழியில் செல்ல வேண்டுவதில்லை. அவனுக்குப் 'பயணப்பொதி' என்னும் தனிவழி உண்டு. 2016 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த நெறிகள் வீட்டுப்பொருளுக்குப் படிப்படியாக வரம்பு வகுத்தன. அந்நெறிகளில், அயல்நாட்டில் 3 திங்கள் முதல் 6 திங்கள் வரை பணியாற்றியவர்க்கு 60,000 உருபா மதிப்பு வரை தீர்வை இல்லாதிருந்தது. 6 திங்கள் முதல் ஓராண்டு வரையாயின் 1,00,000. கடந்த ஈராண்டுள் ஓராண்டேனும் தங்கியிருந்தவர்க்கு 2,00,000. ஈராண்டோ அதற்கு மேலோ தங்கியவர்க்கு 5,00,000. வரம்புகள் காலத்துக்குக் காலம் மாற்றப்படுவன. ஆகலின் புறப்படும் நாளில் உள்ள அளவைக் கேட்டறிதல் வேண்டும். வரம்பை மீறிய மதிப்புக்கு, 35 விழுக்காட்டுத் தீர்வையும் அதன்மேற் கூடுதல் வரியுமாக 38.5 விழுக்காடு கொள்ளப்பட்டது.

மேலோட்டமாகப் பார்ப்பார்க்கு இது குடும்பத்தானுக்குக் காட்டிய இரக்கமாகத் தோன்றும். வணிகனுக்கு நூற்றுக்கு 50.45, குடும்பத்தானுக்கு 38.5 அன்றோ என்பர். கணக்கை ஒரு வரி மேலே கொண்டு செல்க. பதிவுபெற்ற வணிகன், தான் கட்டிய சரக்கு சேவை வரி 22,950 உருபாவை, விற்கும்பொழுது தான் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்வான். அவன் தலையில் உண்மையாக நிற்பது 27,500 உருபாவே. அதனையும் விலையில் ஏற்றி வாங்குவோனிடம் பெறுவான். குடும்பத்தானோ 38,500 உருபாவைக் கட்டிவிட்டுக் கட்டிலில் படுத்துறங்க வேண்டியதுதான். கழிப்பதற்கு அவனுக்குக் கணக்கும் இல்லை. ஏற்றுவதற்கு விலையும் இல்லை. வேலி மாட்டை விட்டுவிட்டு வீட்டுக்காரனைக் குத்துகிறது என்பது இதுதான்.

மலேசியாவிலிருந்து வரும் நாற்காலியை எடுத்துக்கொள்வோர் இன்னொன்றையும் காண்பர். அந்நாட்டு ஏற்றுமதி அறைகலன்களுள் பெரும்பகுதி இரப்பர் மரத்தால் ஆனவை; சொகூர் மாநிலத்து மூவார் நகரம் அத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. பால் வற்றிய மரம் ஏறத்தாழ 25, 30 ஆண்டுகளில் வெட்டப்பட்டுப் பலகையாகிறது. அம் மரங்களை நட்டதும் விடியுமுன் எழுந்து பால்வெட்டியதும் யார் கைகள் என்று சொல்ல வேண்டுவதில்லை. 2010 சனவரி முதல் நடைமுறையில் உள்ள தென்கிழக்காசிய நாடுகளுடனான வணிக உடன்படிக்கையின்படி, தோன்றிய நாட்டுச் சான்றுடன் வரும் வணிகச் சரக்குக்குத் தீர்வைச் சலுகை உண்டு. பால்வெட்டியவனின் மகன் தான் அமர்ந்து தேய்ந்த நாற்காலியைக் கொண்டுவந்தால், அவன் எத்தனை திங்கள் அங்கிருந்தான், எத்தனை நாள் இங்கு வந்து போனான் என்று கடவுச்சீட்டின் ஏடுகள் புரட்டப்படுகின்றன.

அவ் வேட்டுப் புரட்டலிலும் ஓர் இடர் உள்ளது. மேற்சொன்ன நெறிகளில் ஈராண்டுப் படியைப் பெறுவதற்கு, அந்த ஈராண்டில் தாயகம் வந்து தங்கிய நாள்கள் மொத்தம் 6 திங்களை மிகக் கூடாது என்று இருந்தது. முந்தைய மூன்றாண்டில் அச் சலுகையைப் பெற்றிருக்கவும் கூடாது. தந்தையின் நோய்ப்படுக்கைக்கு ஒருமுறை, இறப்புக்கு ஒருமுறை, தங்கை திருமணத்துக்கு ஒருமுறை என வந்தவன் நாள்களைக் கூட்டிப் பார்த்துக்கொண்டா வருவான்? தக்க கரணியம் காட்டினால் தளர்த்தும் உரிமை மேலலுவலர்க்கு உண்டு. அதனையும் மறைத்தல் முறையன்று. ஆயின் உண்டு என்று அறிந்தவனே கேட்பான்.

மேலைநாடுகள் சில இச் சிக்கலை வேறு வகையில் தீர்த்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு நெறி, குடிபெயர்ந்து வருவோனிடம் 'உன் கட்டில் என்ன விலை?' என்று கேட்பதில்லை. 'எத்தனை நாள் படுத்தாய்?' என்று கேட்கிறது. ஓராண்டேனும் ஒன்றியத்துக்கு வெளியே வாழ்ந்திருக்க வேண்டும். பொருளை 6 திங்களேனும் வைத்திருந்து பயன்படுத்தியிருக்க வேண்டும். கொண்டுவந்தபின் ஓராண்டு விற்கக் கூடாது. இவை பொருந்தின் தீர்வை இல்லை. ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த பின்னரும் பிரித்தானியா இதே அளவுகோலைக் கைக்கொள்கிறது. கனடாவில் குடியேறுவோர்க்கும் உடைமையாக வைத்திருந்ததும் பயன்படுத்தியதுமே சான்று. ஓராண்டுக்குள் விற்றால் தீர்வை கட்ட வேண்டும். ஈழத்திலிருந்து ஏதிலியராய்ச் சென்று அந்நாடுகளில் வேரூன்றிய தமிழர் பலர் இன்று ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டுக்குப் பெயருங்கால் இந் நெறிகளின் பயனை நேரில் அறிவர்.

இவ் வேறுபாடு சிறிதன்று. விலையை அளவுகோலாக்கினால் அலுவலர் மதிப்பிட வேண்டும். பன்னீராண்டு பழகிய கட்டிலுக்குக் கடைச்சீட்டு ஏது? உரியவன் 8,000 என்பான். அலுவலர் 30,000 என்பார். இருவருள் எவர் சொல் நிற்கும் என்பது வெளிப்படை. பயன்பாட்டை அளவுகோலாக்கினால், குடியிருந்த வீட்டின் வாடகை ஆவணமும் பணிச்சான்றும் பேசும். வணிகன் வீட்டுப்பொருள் என்னும் போர்வையில் புதுச்சரக்கைக் கடத்துவானே என்பர். கடத்துவான்; இன்றும் கடத்துகிறான். வரம்புக்குள் புத்தம் புதிய பொருளை அடைத்து வருவோர்க்கு விலைவரம்பு ஒரு தடையன்று. ஓராண்டு விற்கக் கூடாது என்னும் கட்டே அவர்க்குத் தடை.

இனி, தீர்வையைவிடப் பெருஞ்செலவு சிலபொழுது காத்திருப்பில் உள்ளது. 2016ஆம் ஆண்டு நெறிகளில், உரியவன் வருவதற்கு இரண்டு திங்கள் முன்வரை பொதி வந்து இறங்கலாம், அன்றேல் அவன் வந்தபின் ஒரு திங்களுக்குள் அது அனுப்பப்பட வேண்டும் என்று இருந்தது. நீட்டிப்புக்குக் கரணியம் காட்ட வேண்டும். கப்பல் உரியவனுக்காக ஓடுவதில்லை. பொதி இறங்கிய சில நாள்களுக்குப் பிறகு சரக்கு நிலையத்தின் இடவாடகை ஒருபக்கம் ஓடத் தொடங்கும்; முழுக் கண்டெய்னராக வந்திருப்பின் அதற்குரிய கப்பல் நிறுவனத்தின் தாழ்ச்சிக் கட்டணம் மறுபக்கம் ஓடும். இவ் விரண்டும் சுங்கத்துறையின் வாங்கல் அல்ல. ஆயினும் சுங்கத்துறை ஒருநாள் தாழ்த்தினால் இரண்டு கடிகாரமும் ஒருநாள் கூடுதலாய் அடிக்கும். 30 நாளுக்குள் விடுவிக்கப்படாத பொருளை, அறிவிப்புத் தந்து விற்றுவிடவும் 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 48ஆம் பிரிவில் இடந்தருகிறது.

மரப்பொருளுக்கே உரிய தொல்லை வேறு. பொதிகட்டப் பயன்படும் மரச்சட்டத்திலும் பெட்டியிலும் வண்டும் புழுவும் நாடு கடந்துவிடாதிருக்க, உலகப் பயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கையின் 15ஆம் நெறி 2002 முதல் உள்ளது. மரத்தின் நடுப்பகுதி 56 செல்சியசு வெப்பத்தில் 30 நிமையம் நிற்க வேண்டும். அன்றேல் மருந்துப்புகை இடப்பட வேண்டும். செய்ததற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் வரைந்த முத்திரை மரத்திலேயே பொறிக்கப்படும். காவிரிப்பூம்பட்டினத்துப் புலி இன்று கதிராகியிருக்கிறது, நோக்கம் நன்றே. ஆயின் தெருமுனையில் பழம்பெட்டியை வாங்கி அதில் பாத்திரத்தையும் படத்தையும் அடைத்து அனுப்பிய எளியவன், முத்திரை இல்லாமையால் துறையில் தடைப்பட்டு, மீண்டும் புகையிடுதற்கும் காத்திருப்பதற்கும் செலவழிக்கிறான். பொதிகட்டும் முகவர் அதை முன்னரே சொல்லியிருந்தால் செலவு மிகச் சிறிது.

இங்கிருந்து வெளியே எடுத்துச் செல்வோர்க்கும் முள் உண்டு. ஈட்டி எனவும் தோதகத்தி எனவும் வழங்கும் கருமரத்தின் இனம் முழுமையும் 2017 சனவரி 2 முதல் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கைக்குள் வந்துவிட்டது. 2019இல் இசைக்கருவிகளுக்கும், பொதிக்கு 10 கிலோவுக்கு மேற்படாத செய்பொருள்களுக்கும் தளர்வு கிடைத்தது. ஈட்டி அலமாரி ஒன்று 10 கிலோவில் அடங்குமா? வீடு பெயர்ப்போர்க்குத் தனி விலக்குகள் உள. அவை நாட்டுக்கு நாடு வேறுபடுவன. பாட்டன் பெட்டகம் வேலைப்பாடு மிக்கதாய் நூறாண்டு கடந்ததாயின், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். அதனைக் குறை சொல்வதற்கில்லை. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் கதவும் தூணும் பேழையும் குவிந்து கிடப்பதைக் கண்டவர், அச் சட்டம் இன்னும் இறுக வேண்டும் என்றே விரும்புவர். தொல்பொருள் அன்று எனத் தொல்லியல் துறையிடம் சான்று பெற வழியுண்டு. பெட்டகத்தைக் கட்டிவிட்டுச் சான்று தேடுவதினும், சான்று பெற்றுக் கட்டுவது நன்று.

இத்தனை நெறிகளையும் யார் அறிவார்? அவை அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றன. துபாயில் கம்பி கட்டியவனும், சிங்கப்பூர்க் கப்பற்பட்டறையில் பற்றவைத்தவனும், கிள்ளானில் உணவுக்கடை நடத்தியவனும் அவற்றைப் படித்தறிய வாய்ப்பில்லை. அறியாமையின் விலையை அவன் முகவனிடம் கட்டுகிறான். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று முகவன் சொல்லும் தொகையில் தீர்வை எவ்வளவு, இடவாடகை எவ்வளவு, முகவன் பங்கு எவ்வளவு, கைமாறிய கறை எவ்வளவு என்று பிரித்துக் கேட்கும் துணிவு எழுத்துப் புரிந்தவனுக்கே வரும். வணிக இறக்குமதியில் தான் காட்டிய மதிப்பை அலுவலர் மறுத்துக் கூட்டினால், கரணியம் கூறும் ஆணையை 15 நாளுக்குள் எழுத்தில் பெறச் சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆணைமேல் 60 நாளுக்குள் மேல்முறையிடலாம். உரிமை ஏட்டில் உள்ளது. ஏடு வேற்றுமொழியில் உள்ளது.

இப்போது செய்யத்தக்கவை மலைபோன்றன அல்ல. குடிதிரும்புவோர் பயன்படுத்திய வீட்டுப்பொருளை விலையால் அளவாது பயன்பாட்டால் அளத்தல் வேண்டும். ஓராண்டு விற்பனைத் தடை அதற்குக் காவலாக நிற்கட்டும். தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் எவரேனும் வரவு செலவுத் திட்டத்தின்பொழுது இதனை ஒருமுறையேனும் எழுப்புதல் வேண்டும்; பொன்னுக்கும் கைப்பேசிக்கும் எழும் குரல் கட்டிலுக்கும் எழட்டும். அயல்நாட்டுத் தமிழர்க்கெனத் தமிழ்நாட்டரசு தனித்துறை வைத்துள்ளது. அத்துறை, நடைமுறையிலுள்ள வரம்புகளையும் நாள்கணக்கையும் பொதிமுத்திரைச் செய்தியையும் முறையீட்டு வழியையும் ஒரே தாளில், எளிய தமிழில், ஆண்டுதோறும் திருத்தி அச்சிடலாம். சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஒட்டுவதால் மட்டும் பயனில்லை. அங்கு வந்து படிப்பவன் பொருளை இறக்கிவிட்டவன். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் உள்ள தமிழர் மன்றங்களிலும், பொதிகட்டும் முகவர் கடைகளிலும் அத் தாள் கிடைக்க வேண்டும். கட்டில் கழற்றப்படுமுன் அவன் கையில் இருக்க வேண்டும்.